இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? கால்குலேட்டரில் போட்டுப் பார்ப்போம்

லண்டனில் காலை 11 மணிக்குப் புறப்பாடு, நியூயார்க்கில் பிற்பகல் 2 மணிக்கு வருகை என்று டிக்கெட்டில் இருந்தால் மூன்று மணி நேரப் பயணம் போலத் தோன்றும். உண்மையில் எட்டு மணி நேரம். இரண்டும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். இதைச் சரிபார்க்க ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும்.

படி 1: இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹீத்ரோ (லண்டன்): 51.47, மைனஸ் 0.45. ஜே.எஃப்.கே. (நியூயார்க்): 40.64, மைனஸ் 73.78. வடக்கும் கிழக்கும் பிளஸ். தெற்கும் மேற்கும் மைனஸ்.

முதல் தடவை நான் நியூயார்க்குக்கு மைனஸ் போட மறந்துவிட்டேன். 5,600 கி.மீ. வந்தது. சரியான விடையிலிருந்து 60 கி.மீ.தான் தள்ளி இருந்ததால் தவறு கண்ணில் படவே இல்லை. லண்டன் பூஜ்ஜியத் தீர்க்கரேகையை ஒட்டி இருப்பதால் தப்பித்தேன். வேறு ஊராக இருந்தால் விடை எங்கோ போயிருக்கும்.

படி 2: தூரம். விமானம் தட்டையான வரைபடத்தில் போடும் நேர்கோட்டில் போவதில்லை. உலக உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது படியும் பாதைதான் மிகக் குறுகியது. அதற்கான கணக்கு:

இரு அட்சரேகைகளின் சைன்களை (sin பொத்தான்) பெருக்குங்கள்: 0.510. அப்புறம் அந்த அட்சரேகைகளின் காஸ்களையும் (cos பொத்தான்) தீர்க்கரேகை வித்தியாசத்தின் (73.33) காஸையும் பெருக்குங்கள்: 0.136. இரண்டையும் கூட்டினால் சுமார் 0.645. இதன் தலைகீழ் காஸ் (cos⁻¹ பொத்தான்) 49.8 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. வீதம், ஏறக்குறைய 5,540 கி.மீ.

விடை அபத்தமாக வந்தால் கால்குலேட்டர் டிகிரியில் இல்லாமல் ரேடியனில் (கோணத்தின் இன்னோர் அலகு) இருக்கிறதா என்று பாருங்கள். எக்செல் எப்போதும் ரேடியனில்தான் கணக்கிடும்.

படி 3: நேரம். பெரிய ஜெட் விமானத்துக்கு மணிக்கு 850 கி.மீ. என்று வைத்து வகுங்கள்; ஏறி இறங்க அரை மணி சேருங்கள். 7 மணி நேரம் வரும்.

ஆனால் காற்றை மறந்தால் இந்த விடை அரைகுறைதான். வட அட்லாண்டிக்கின் மேலே ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. மணிக்கு 80 கி.மீ. வேகக் காற்று என்று கொண்டால், நியூயார்க் போக (770-ஆல் வகுத்து, அதே அரை மணி சேர்த்து) 7 மணி 40 நிமிடம். திரும்பிவர (930) ஆறரை மணிக்கும் சற்றுக் குறைவு. 2020 பிப்ரவரியில் புயல் காற்று பின்னாலிருந்து தள்ள, ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது.

படி 4: டிக்கெட்டோடு ஒப்பிடுங்கள். இரு நேரங்களையும் யு.டி.சி.க்கு (உலகப் பொது நேரம்) மாற்றிவிட்டுக் கழியுங்கள். டிக்கெட் நேரம் கேட்டை விட்டு நகர்வதில் தொடங்கி மறு கேட்டில் நிற்பதில் முடிவதால், நம் விடையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். தேதியையும் பாருங்கள்: மார்ச்சில் அமெரிக்கா பிரிட்டனுக்கு முன்பே கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றிவிடுவதால், சில வாரங்களுக்கு லண்டன்-நியூயார்க் வித்தியாசம் 5 அல்ல, 4 மணி நேரம்.