சிஸ்டமேட்டிக் ரிவ்யூவா லிட்டரேச்சர் ரிவ்யூவா, எதுன்னு எப்படி முடிவு பண்றது

நூறு ஆராய்ச்சிப் பேப்பர் படிச்சு எழுதிட்டா அது சிஸ்டமேட்டிக் ரிவ்யூ ஆயிடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ஆகாது. எத்தனை படிச்சீங்கங்கறது விஷயமே இல்ல, எதைத் தேடுறது எதைச் சேர்க்குறது எதை விடுறதுன்னு முன்னாடியே எழுதி வெச்சீங்களா, அதை வெச்சு இன்னொருத்தர் திரும்ப செஞ்சு பாக்க முடியுமா, அதுதான் விஷயம்.

முதல்ல உங்க கேள்வியைப் பாருங்க. "மொபைலும் தூக்கமும் பத்தி இதுவரை என்னென்ன ஆராய்ச்சி வந்திருக்கு"ன்னா லிட்டரேச்சர் ரிவ்யூ போதும், தீசிஸ் ரெண்டாவது சாப்டர்ல வர்றது பெரும்பாலும் இதுதான். உங்க வாதத்துக்கு எது முக்கியமோ அதை நீங்களே தேர்ந்தெடுத்து கோர்வையா சொல்லலாம், தப்பே இல்ல. ஆனா "18-25 வயசு மாணவர்கள் படுக்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போனை வெச்சிட்டா, வைக்காதவங்களைவிட சீக்கிரம் தூங்குறாங்களா"ன்னு யாருக்கு, என்ன பண்ணா, எதோட ஒப்பிட்டா, என்ன மாறுதுன்னு நாலும் தெளிவா இருந்தா அது சிஸ்டமேட்டிக் ரிவ்யூவுக்கான கேள்வி. இதைத்தான் பிக்கோன்னு சொல்லுவாங்க.

அடுத்து ப்ரோட்டோகால், அதாவது ரிவ்யூவை எப்படிப் பண்ணப்போறீங்கன்னு முன்னாடியே எழுதி வைக்கிற திட்டம். ஹெல்த் சம்பந்தப்பட்டதுன்னா ப்ராஸ்பெரோல (இந்த மாதிரி திட்டங்களைப் பதிவு பண்ற ஆன்லைன் தளம்) ரெஜிஸ்டர் பண்ணுங்க, அதுவும் டேட்டா எடுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே. ரிசல்ட்டைப் பாத்துட்டு பிடிச்ச பேப்பரை மட்டும் உள்ள விடுறதைத் தடுக்கத்தான் இவ்வளவும்.

தேடும்போது ஒரு டேட்டாபேஸ் பத்தாது, பப்மெட், ஸ்கோபஸ்னு ரெண்டு மூணுல தேடணும். ஒரே அர்த்தம் வர்ற வார்த்தைகளை (ஸ்மார்ட்ஃபோன், மொபைல் ஃபோன், ஸ்க்ரீன் டைம்) 'ஆர்' போட்டு ஒரு கட்டு, தூக்கம் சம்பந்தப்பட்டதெல்லாம் இன்னொரு கட்டு, ரெண்டுக்கும் நடுவுல 'அண்ட்'. அந்த வரியை அப்படியே காப்பி பண்ணி தேதியோட சேவ் பண்ணிக்கங்க, பின்னாடி ரிவ்யூவர் கண்டிப்பா கேப்பாங்க.

ஸ்க்ரீனிங், அதாவது கிடைச்ச பேப்பர்ல எதைச் சேர்க்குறது எதை விடுறதுன்னு பிரிக்கிறது, ரெண்டு பேர் தனித்தனியா பண்ணணும், ஒத்துப்போகலைன்னா பேசித் தீர்க்கணும் இல்லேன்னா மூணாவது ஆள் முடிவு சொல்லணும். தனி ஆளா மாட்டிக்காதீங்க. முழு பேப்பர் படிச்சு ஒதுக்குனா ஏன் ஒதுக்குனீங்கன்னு காரணம் எழுதணும், ப்ரிஸ்மா 2020ன்னு சிஸ்டமேட்டிக் ரிவ்யூவுல என்னென்ன எழுதணும்னு சொல்ற செக்லிஸ்ட்ல இருக்குற 27 ஐட்டம்ல இதுவும் வருது. சேர்த்த ஒவ்வொரு ஆய்வையும் எவ்வளவு நம்பலாம்னும் பாக்கணும். மெட்டா அனாலிசிஸ் (எல்லா ஆய்வோட எண்களையும் சேர்த்து ஒரே ரிசல்ட்டா கணக்கிடுறது) கட்டாயம் கிடையாது, ஆய்வுகள் ஒண்ணுக்கொண்ணு ஒப்பிடுற மாதிரி இருந்தா மட்டும் பண்ணுங்க.

இவ்வளவு கஷ்டப்படணுமான்னு தோணுச்சுன்னா, மருத்துவத்துல சிஸ்டமேட்டிக் ரிவ்யூ பண்ற காக்ரேன் அமைப்போட லோகோவைப் பாருங்க. குறைமாசத்துல பிரசவம் ஆகப்போற தாய்மாருக்கு ஸ்டீராய்டு குடுத்த ஏழு ஆய்வுகளோட ரிசல்ட் அதுல கோடு கோடா இருக்கும். முதல் ஆய்வு 1972லயே வந்திருச்சு, ஆனா எல்லாத்தையும் முறையா சேர்த்துப் பாத்த ரிவ்யூ 1989ல தான் வெளியாச்சு. அந்த மருந்து குழந்தைங்க உயிரைக் காப்பாத்துதுன்னு சேர்த்துப் பாத்தாதான் தெளிவா தெரிஞ்சுது, அதுவரைக்கும் பல டாக்டர்களுக்கு அதோட பலன் புரியவே இல்ல, எத்தனையோ குழந்தைங்களுக்கு அது கிடைக்காமலே போச்சு.

டைமும் ஆளும் இல்லேன்னா நல்ல லிட்டரேச்சர் ரிவ்யூ ஒண்ணு எழுதுங்க, அதுக்கும் மதிப்பு இருக்கு. ஒரே டேட்டாபேஸ்ல ஒருத்தரா தேடிட்டு தலைப்புல மட்டும் 'சிஸ்டமேட்டிக்'னு போடாதீங்க, தயவுசெஞ்சு.