சிக்னலில் நின்றால் சூடு ஏறுகிறதா? ரேடியேட்டர் ஃபேனைச் சோதிக்கும் முறை

கார் சூடாகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் (சூட்டுக்கேற்ப கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வை) கழற்றிப் போடுவதும் ரேடியேட்டரைக் கழுவக் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: சூடு எப்போது ஏறுகிறது? சிக்னலில் நிற்கும்போதும் நெரிசலில் ஊரும்போதும் டேஷ்போர்டு வெப்பநிலை முள் மேலே போய், 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடத் தொடங்கியதும் இறங்கினால் சந்தேகம் முதலில் ஃபேன் மேல்தான் விழ வேண்டும். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும். நிற்கும் வண்டிக்கு ஃபேன் மட்டுமே துணை. நெடுஞ்சாலையிலும் சூடு ஏறினால் கூலன்ட் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று வேறு பக்கம் தேடுங்கள். நின்றால் ஏசியில் குளிர் குறைவதும் ஃபேன் கோளாறுக்கு நல்ல அடையாளம், ஏனென்றால் ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரும் அதே காற்றைத்தான் நம்பியிருக்கிறது.

பானட்டைத் திறக்கும் முன் ஓர் எச்சரிக்கை. சூடான ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே சுமார் 1 பார் அழுத்தம் இருக்கும். திறந்த கணத்தில் கொதிநீர் முகத்தில் அடிக்கும். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும், அதனால் இறக்கை அருகே கை வைக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

எஞ்சின் ஆறிய பின் கூலன்ட் அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தால் முதலில் அதை நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். கூலன்ட் சூட்டை அளக்கும் வெப்பநிலை சென்சரைச் சுற்றிக் கூலன்டுக்குப் பதில் காற்றுக் குமிழி நின்றால் சென்சருக்குச் சரியான சூடு தெரியாது. நல்ல ஃபேன்கூட ஓடாமல் நிற்கும்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி கம்ப்ரஸர் இயங்கத் தொடங்கிய சில நொடிகளில் ஃபேன் சுற்ற வேண்டும். ஏசி போட்டால் ஓடி, சூட்டுக்கு மட்டும் ஓடவில்லை என்றால் மோட்டார் பெரும்பாலும் நலம்; வெப்பநிலை சென்சரைப் பாருங்கள். ஆனால் இரண்டு ஃபேன் உள்ள கார்களில் ஏசிக்கு ஓடியது எந்த ஃபேன் என்று கவனிக்க வேண்டும்.

சென்சர் சோதனை எளிது. எஞ்சின் ஓடும்போது சென்சரின் கப்ளரை (வயர் மாட்டும் இணைப்பை) கழற்றுங்கள். ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) உள்ள பல கார்கள் பாதுகாப்புக்காக ஃபேனை முழு வேகத்தில் ஓட்டும். எஞ்சின் விளக்கு எரியும். பதிவான பிழைக் குறியீட்டை ஸ்கேனரில் பிறகு அழித்துக்கொள்ளலாம். மல்டிமீட்டர் இருந்தால் சென்சரின் மின்தடையை அளக்கலாம். பொதுவான வகைகளில் 20 டிகிரியில் 2,500 ஓம் அளவில் இருப்பது, 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் இறங்கும். சூடாகியும் ஆயிரத்துக்கு மேலேயே நின்றால், எஞ்சின் இன்னும் ஆறித்தான் இருக்கிறது என்று அது ஈசியுவிடம் பொய் சொல்கிறது.

எதற்கும் ஃபேன் அசையவில்லையா? ஃபியூஸைப் பாருங்கள். நன்றாக இருந்தால் ஃபேன் ரிலேயை (சிறு மின்சாரத்தில் இயங்கி ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்சை) பிடுங்கி, அதே எண் கொண்ட ஹாரன் ரிலேயைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் ஓடாவிட்டால், ரிலே சாக்கெட்டில் 30, 87 என்று எண்ணிட்ட இரண்டு பின்களையும் ஃபியூஸ் கோர்த்த தடித்த வயரால் இணையுங்கள். வேலையைப் பாதியாகக் குறைக்கும் சோதனை இதுதான். ஃபேன் ஓடினால் மோட்டார், ஃபியூஸ், வயரிங் மூன்றும் சரி. கோளாறு 85, 86 பக்கம், அதாவது ரிலே காயிலுக்கு வரும் கட்டளையில். ஓடவில்லை என்றால் ஃபேன் வரை மின்சாரம் போகிறதா என்று அதே இணைப்பை வைத்துக்கொண்டே பாருங்கள்.

இங்கே பலர் தவறுவது, ஃபேன் மோட்டாரின் கப்ளரைக் கழற்றி வைத்துவிட்டு அளப்பதில். துருப்பிடித்த வயரும் சுமை இல்லாதபோது 12 வோல்ட் காட்டும். கப்ளர் மாட்டியபடியே பின்பக்கத்தில் முனையைச் செருகி அளக்க வேண்டும். அடுத்து மோட்டாரின் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளங்கள், 0.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த் போல்ட்டைக் கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் சுற்றவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. லேசாகத் தட்டினால் ஓடத் தொடங்கும் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். அதை நம்பி வெளியூர் போகாதீர்கள்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ஃபியூஸ் போடவே கூடாது, வயர் எரியும். பேரிங் இறுகிய மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுப்பதே பெரும்பாலும் காரணம். பேட்டரி கழற்றிய நிலையில் இறக்கையைக் கையால் சுழற்றுங்கள்: உரசாமல், ஆடாமல், லேசாகச் சுற்ற வேண்டும்.

ஃபேன் ஓடியும் சூடு ஏறுவதுண்டு. இரு வேக ஃபேனில் ரெசிஸ்டர் எரிந்தால் குறைந்த வேகம் இருக்காது, முழு வேகம் மட்டும் தாமதமாக வரும். மோட்டார் மாற்றும்போது வயர்களை மாற்றிக் கொடுத்துவிட்டால் அது தலைகீழாகச் சுற்றிக் காற்றை முன்னே தள்ளும். ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் வண்டியில், கிரில்லுக்கு முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். உள்ளே இழுத்து ஒட்ட வேண்டும். ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றியுள்ள கூடு) உடைந்திருந்தாலும், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசியும் பூச்சியும் அடைத்திருந்தாலும் இழுப்பு பலவீனமாக இருக்கும்.

கோளாறைத் தேடாமல் சிலர் டேஷ்போர்டில் சுவிட்ச் வைத்து ஃபேனை நேரடியாக இணைத்துக் கொடுப்பார்கள். வீடு போய்ச் சேர மட்டும் அது உதவும். நிரந்தரமாக வைத்தால், ஒரு நாள் போட மறந்ததற்கு ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைப்பகுதியை அடைக்கும் தகடு) சூட்டில் போய், அதற்கு விலை கொடுக்க நேரும்.

வேலை முடிந்ததும் ஏசியை அணைத்து, வண்டியை நிறுத்தியபடி எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிடுங்கள். பெரும்பாலான கார்களில் 95 முதல் 100 டிகிரிக்குள் ஃபேன் ஓடத் தொடங்கி, சில டிகிரி இறங்கியதும் தானாக நிற்க வேண்டும். இரண்டு மூன்று சுற்று இப்படி ஓடி நின்ற பிறகு எஞ்சினை ஆறவிட்டு, கூலன்ட் அளவை மறுபடி பார்த்து நிரப்புங்கள்.