ஸ்டாட்ஸ் பேப்பர் உங்க தலையில விழுந்தா தள்ளி விட்டுடாதீங்க

டைம்டேபிள் போடுற அன்னைக்கு ஸ்டாஃப் ரூம்ல ஒரு சீன் நடக்கும். "ஸ்டாட்ஸ் யாரு எடுக்குறீங்க?"ன்னு ஹெச்ஓடி கேட்டதும் ஆளாளுக்கு போனை நோண்ட ஆரம்பிச்சிடுவாங்க, கடைசியில புதுசா சேந்தவங்க தலையில கட்டிடுவாங்க. எனக்கும் இந்த புள்ளியியல் பேப்பர் அப்படித்தான் வந்துச்சு. இப்ப யாராவது வாங்கிக்கிறேன்னு வந்தா நான் குடுக்க மாட்டேன். ஏன்னு சொல்றேன், எப்படி எடுக்குறதுன்னும் சொல்றேன், என்னைப் பொறுத்தவரை ரெண்டும் ஒண்ணுதான்.

பசங்களுக்கு இது பிடிக்காம போனதுல அவங்க தப்பு கம்மி. 10ஆம் வகுப்பு கணக்கு புக்குல 'புள்ளியியலும் நிகழ்தகவும்' 8ஆவது பாடம், அதாவது கடைசி, போர்ஷன் முடிக்கிற அவசரத்துல அட்டவணை போடு, விலக்கம் எடு, ஸ்கொயர் பண்ணு, கூட்டு, வகு, ரூட் எடுன்னு ஓட்டிருப்பாங்க. திட்ட விலக்கம் (எண்கள் சராசரியில இருந்து எவ்வளவு சிதறியிருக்குன்னு காட்டுற அளவு) 6.5ன்னு கரெக்டா போடுவான், அந்த 6.5 என்னடா சொல்லுதுன்னு கேட்டா முழிப்பான்.

அதனால முதல் நாள் போர்டுல ஃபார்முலா எழுதாதீங்க. கிளாஸை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதி நிஜமாவே ஒரு ரூபா காயினை 100 தடவை சுண்டி பூ, தலைன்னு வரிசையா எழுதட்டும், இன்னொரு பாதி காயினைத் தொடாம மனசுக்குத் தோணுனபடி 100 எழுதட்டும். யாரு எந்தப் பாதின்னு தெரியாதபடி நீங்க வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்து பேப்பரை எல்லாம் கலைச்சுப் போட்டு பாருங்க. தொடர்ந்து 6, 7 தலை விழுந்திருந்தா அது அனேகமா நிஜ காயின். கையால எழுதுனவன் மூணு நாலு தலை வந்ததுமே பயந்து போய் பூ போட்டுடுவான். நீங்க கரெக்டா பிரிச்சு வெச்சதும் கிளாஸ் ஒரு நிமிஷம் கப்சிப் ஆகும் பாருங்க, அதுக்காகவே இந்த பேப்பரை எடுக்கலாம். ஒண்ணு ரெண்டு தப்பும், தப்பட்டும், "எத்தனை தடவை தப்பும் சார்?"ன்னு எவனாவது கேப்பான், அந்தக் கேள்வியில இருந்துதான் மீதி சிலபஸ்.

சராசரிக்கு ரொம்ப மெனக்கெட வேணாம். டீக்கடையில 9 பேர் மாசம் 20,000 சம்பளக்காரங்க, பத்தாவதா 10 லட்சம் சம்பாதிக்கிற ஒருத்தர் வந்து உக்காந்தா சராசரி 1,18,000, இடைநிலை, அதாவது வரிசையா நிறுத்துனா நடுவுல வர்றது, அதே 20,000. முடிஞ்சுது.

நேரத்தைச் செலவு பண்ண வேண்டிய இடம் பெர்க்லி. 1973ல கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி பெர்க்லி கேம்பஸ்ல பிஜி அட்மிஷன் கணக்கு எடுத்தப்ப, அப்ளை பண்ண ஆம்பளைங்கள்ல 44 சதவீதம் பேருக்கு சீட், பொம்பளைங்கள்ல 35 சதவீதம் பேருக்குத்தான். இதை மட்டும் எழுதிட்டு பேசாம நில்லுங்க. பொண்ணுங்க பக்கம் இருந்து "அநியாயம்"னு சத்தம் வரும், பசங்க ஏதாவது சப்பைக்கட்டு கட்டுவாங்க, பத்து நிமிஷம் நல்லா சண்டை போடட்டும். அப்புறம் பெரிய டிபார்ட்மென்ட் ஆறையும் தனித்தனியா பிரிச்சுக் காட்டுங்க. ஏ-ன்னு குறிச்சிருக்கிற டிபார்ட்மென்ட்ல ஆம்பளைங்களுக்கு 62 சதவீதம், பொம்பளைங்களுக்கு 82! ஆனா அங்க அப்ளை பண்ணது 825 ஆம்பளைங்க, 108 பொம்பளைங்கதான். பொண்ணுங்க நிறைய பேர் போட்டது எல்லாருக்குமே சீட் கிடைக்கிறது கஷ்டமான டிபார்ட்மென்ட்டுக்கு, அதனால மொத்தமா கூட்டும்போது படம் தலைகீழா தெரியுது. அப்ப அநியாயமே இல்லன்னு பசங்க துள்ளுவாங்க, விட்டுடாதீங்க, பொண்ணுங்க ஏன் அந்த டிபார்ட்மென்ட்டுக்கே போனாங்கன்னு திருப்பிக் கேளுங்க. அதுக்கு டேபிள்ல பதில் இல்ல, அதையும் ஒத்துக்கணும்.

மெடிக்கல் டெஸ்ட் கணக்கு போடும்போது சதவீதத்துல பேசாதீங்க, தலைகளை எண்ணுங்க. 1000 பேர்ல 10 பேருக்கு நோய், டெஸ்ட் அதுல 9 பேரைப் பிடிக்குது, நோய் இல்லாத 990 பேர்ல பத்துல ஒருத்தருக்கு, அதாவது 99 பேருக்கு, சும்மாவே பாசிட்டிவ் காட்டுது. மொத்தம் 108 பாசிட்டிவ், நிஜம் 9, பன்னண்டுல ஒண்ணு. இதையே பேயஸ் தேற்றம்னு ஆரம்பிச்சா பாதி கிளாஸ் தூங்கிடும்.

கதை கேட்டாங்கன்னா ஆபிரகாம் வால்ட் பத்தி சொல்லுங்க. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல கொலம்பியா யுனிவர்சிட்டியில இருந்த புள்ளியியல் குழுவுல வேலை பாத்தவரு. குண்டடி பட்டுத் திரும்பி வந்த பிளேன்ல ஓட்டை இருக்கிற இடத்தை மட்டும் பாத்து முடிவு பண்ணக்கூடாது, திரும்பி வராத பிளேனையும் கணக்குல எடுக்கணும்னு வழி போட்டுக் குடுத்தாரு. 1950ல இந்தியாவுக்கு லெக்சர் குடுக்க வந்தவரு, அதே பயணத்துல டிசம்பர்ல நம்ம நீலகிரி மலையில நடந்த பிளேன் விபத்துல இறந்துட்டாரு. இதைச் சொன்னா பின் பெஞ்ச் கூட நிமிந்து உக்காரும்.

ஒண்ணு மட்டும் மனசைத் தயார் பண்ணிக்கோங்க, பசங்க உங்களையும் பிடிப்பாங்க. ஒரு தடவை மாடல் எக்ஸாம் முடிஞ்சு ரெண்டு செக்‌ஷன் சராசரியையும் போர்டுல போட்டு, பி செக்‌ஷனை நான் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டு இருந்தேன். கடைசி பெஞ்ச் பொண்ணு ஒண்ணு எந்திரிச்சு "ஆப்சென்ட் ஆனவங்களுக்கு ஜீரோ போட்டு கூட்டிருக்கீங்களா மேம்?"னு கேட்டுச்சு. போட்டிருந்தேன். அன்னைக்கு பி செக்‌ஷன்ல அம்மை வந்து 7 பேர் லீவு. போர்டை அழிச்சிட்டு அந்தப் பொண்ணு கையில சாக்பீஸைக் குடுத்து மறுபடி போடச் சொன்னேன், பி தான் ரெண்டு மார்க் கூட.