ரகசியத்தைத் தோழியிடம் கொடுங்கள்: கல்யாண வீட்டுக் கதைக்குத் திரைக்கதை எழுதும் முறை

காதல், நட்பு, ஒரு ரகசியம், ஒரு கல்யாணம் என்ற நான்கையும் வைத்துச் சிரிப்பும் கண்ணீரும் கலந்த திரைக்கதை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் காதலர்களிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். அவர்கள் எங்கே சந்தித்தார்கள், யார் முதலில் பேசினார்கள் என்பதை எழுதி முடிப்பதற்குள் முப்பது பக்கங்கள் ஓடிவிடும். அதற்குள் தோழி என்ற பாத்திரம் கிண்டலடிப்பதற்கும் கைப்பேசியைக் கைமாற்றிக் கொடுப்பதற்கும் மட்டுமே உரியவளாகச் சுருங்கியிருப்பாள். நான் பரிந்துரைக்கும் வழி இதற்கு நேர் எதிரானது. ரகசியம் யார் கையில் இருக்கிறது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். அதைத் தோழியின் கையில் கொடுங்கள். பிறகு கல்யாணத் தேதியைக் குறித்துவிட்டு அவளைப் பின்தொடருங்கள்.

இந்த வழி புதியதன்று. சங்க அகப்பாடல்களின் களவு ஒழுக்கத்தில் தலைவியின் காதல் வீட்டுக்குத் தெரியாது, தோழிக்குத் தெரியும். மகள் மெலிவதைக் கண்ட வீட்டார் முருகன் பிடித்து வருத்துகிறானோ என்று வேலன் என்ற முருக பூசாரியை அழைத்து வெறியாட்டு என்ற சாமியாட்டம் நடத்துகிறார்கள். உண்மைக் காரணத்தை அறிந்த தோழியும் படிக்கும் நாமும் ஒரு பக்கம் நிற்க, ஏதுமறியாத வீடு முழுவதும் மறுபக்கம் நிற்கும் அந்த நிலையில் நகைச்சுவைக்கும் பதற்றத்துக்கும் வேண்டிய எல்லாமே இருக்கின்றன. அந்த ரகசியம் உடைகிற இடத்துக்கு இலக்கணம் ‘அறத்தொடு நிற்றல்’ என்று பெயரே வைத்திருக்கிறது. தோழி வளர்ப்புத் தாயான செவிலிக்கும், செவிலி பெற்ற தாயான நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையனுக்கும் என்று செய்தி படிப்படியாக ஏறி, இறுதியில் திருமணத்தில் முடிகிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளிலும் இந்த ஒரே காரியத்தைத்தான் செய்கிறது: ஒரு தோழி செவிலித்தாயிடம் பேசுகிறாள். திரைக்கதைப் பயிலரங்குக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு, ஒரு நல்ல உரையோடு அதை ஒருமுறை படித்துவிடலாம்.

அடுத்த வேலை ரகசியத்தைத் தேர்ந்தெடுப்பது. ஒற்றை அடுக்கு ரகசியம் இரண்டரை மணி நேரத்தைத் தாங்காது. வெளி அடுக்கு ஒன்றும் உள் அடுக்கு ஒன்றுமாக இரண்டு வேண்டும். வெளி அடுக்கு குடும்பத்திடமிருந்து தோழிகள் இருவரும் சேர்ந்து மறைப்பது. அதிலிருந்து சிரிப்பு பிறக்கும். உள் அடுக்கு மணப்பெண்ணிடமிருந்தே தோழி மறைப்பது, அதுதான் வலிக்கும்.

மணப்பெண்ணுக்கு யமுனா, தோழிக்குச் செல்வி, மாப்பிள்ளைக்குக் கார்த்திக் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு மாதிரிக் கதையைக் கட்டிப் பார்ப்போம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு யமுனா, தினேஷ் என்பவனோடு பதிவுத் திருமணம் செய்துகொள்ள அறிவிப்புக் கொடுத்திருந்தாள். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி அந்த அறிவிப்பை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படுமாறு ஒட்ட வேண்டும். 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். திருமணத்தன்று மூன்று சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். ஊரறிய ஒட்டப்பட்டும் ஒருவர் கண்ணிலும் படாத ரகசியம் என்பது திரைக்கதைக்காரருக்குச் சட்டமே கொடுத்த பரிசு. குறித்த நாளில் தினேஷ் வரவில்லை. சாட்சியாக வந்திருந்த செல்வி யமுனாவை அழைத்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பினாள். மூன்று மாதத்தில் அறிவிப்பும் காலாவதியானது. இது வெளி அடுக்கு. உள் அடுக்கு இது: அன்று காலை யமுனாவின் கைப்பேசி அணைக்கப்பட்டிருந்ததால், பேருந்து பழுதாகிவிட்டது, வருவதற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று தினேஷ் செல்வியைத்தான் அழைத்துச் சொன்னான். செல்வி அதைச் சொல்லவில்லை. ‘யமுனா மனம் மாறிவிட்டாள்’ என்று அவனுக்கு ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பிவிட்டாள்.

கூர்மையான வாசகர் உடனே ஒரு கேள்வி கேட்பார்: இரண்டு ஆண்டுகளில் அவன் ஒருமுறைகூடவா யமுனாவை அழைக்கவில்லை? ரகசியக் கதைகள் பெரும்பாலும் ஓட்டையாவது இங்கேதான். ஏமாற்றப்பட்டதாக நினைத்த யமுனா அன்றிரவே எண்ணை மாற்றிவிட்டாள், செய்தியை நம்பிய தினேஷ் மானத்தோடு விலகிவிட்டான் என்று இருவரின் குணத்திலிருந்தும் விடை வர வேண்டும். கடிதம் தொலைந்தது, கைப்பேசி தண்ணீரில் விழுந்தது என்று விபத்துகளிலிருந்து வரக் கூடாது. தற்செயலால் சிக்கல் தொடங்கலாம், பேருந்து பழுதானதைப் போல. அதே தற்செயல் சிக்கலைத் தீர்த்துவைத்தால் பார்வையாளர் மன்னிக்க மாட்டார். செல்வி ஏன் அப்படிச் செய்தாள் என்பதற்கு ஒரு காரணம் போதாது. தினேஷ் மீது நம்பிக்கையின்மை, யமுனாவின் அப்பாவிடம் பட்ட நன்றிக்கடன், தோழி தன்னை விட்டுப் போய்விடுவாளோ என்ற அச்சம் ஆகிய மூன்றும் கலந்திருக்கட்டும். எது பெரியது என்று அவளுக்கே தெரியாமல் இருப்பது நல்லது.

காட்சிகளை எழுதத் தொடங்குவதற்கு முன்பு ஒரு நோட்டில் கோடு கிழித்து, எந்தப் பாத்திரத்துக்கு எந்த அடுக்கு எப்போது தெரியவருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பார்வையாளரையும் ஒரு பாத்திரமாக அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெளி அடுக்கை முதல் பதினைந்து நிமிடத்திலும் உள் அடுக்கை இடைவேளைக்குச் சற்று முன்பும் பார்வையாளரிடம் சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு செல்வி யமுனாவுக்குப் பூ வைத்துவிடும் சாதாரணக் காட்சிகூட வேறொரு பொருளோடு தெரியும்.

இனி கடிகாரம். நம் கல்யாணத்தைப் போல ஒரு கடிகாரம் வேறெந்தக் கதைக்களத்திலும் கிடைக்காது. பத்திரிகை அச்சடித்தல், பந்தக்கால் நடுதல், நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு என்று ஒவ்வொரு படியும் பின்வாங்குவதைச் சற்று கடினமாக்குகிறது. ‘காலை 7.30 மணிக்கு மேல் 9.00 மணிக்குள்’ என்று பத்திரிகையில் அச்சான ஒன்றரை மணி நேரத்தை எவராலும் தள்ளிப்போட முடியாது. ஆனால் எல்லாச் சடங்குகளையும் ஒரே கல்யாணத்தில் திணிக்காதீர்கள். காசி யாத்திரையும் ஊஞ்சலும் எல்லாச் சமூகங்களிலும் இல்லை. இரண்டாம், மூன்றாம் முடிச்சை நாத்தனார் போடும் வழக்கமும் வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் கதைக்குடும்பம் எந்த ஊர், எந்த வழக்கம் என்று முடிவுசெய்து, அந்த வழக்கம் தெரிந்த ஒரு பெரியவரிடம் கேட்டு, அதிலிருந்து மூன்று அல்லது நான்கு நிகழ்ச்சிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சடங்கு காட்சிக்கு அலங்காரமாக நிற்கக் கூடாது. பாத்திரங்களின் காலைக் கட்டிப்போட வேண்டும்.

அதற்கு மிகப் பொருத்தமானது முந்தைய மாலை ரிசப்ஷன். இன்னும் தாலி கட்டாத இருவர் நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில் கணவன் மனைவி போல நின்று, சிரிப்பை இறக்காமல், மூன்று மணி நேரம் பரிசுப் பொட்டலங்களை வாங்கிப் பின்னால் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பேசியே ஆக வேண்டிய இரவும் அதுதான். பேசவே முடியாத இடமும் அதுதான். ஆகவே பேசவிடுங்கள்:

கார்த்திக் (சிரித்தபடி): செல்வி எங்கிட்ட ஏதோ சொல்ல வந்தா. பாதியில நிறுத்திட்டா.
யமுனா (சிரித்தபடி): எந்தப் பாதியில?
புகைப்படக்காரர்: சார், கொஞ்சம் மேடம் பக்கம் திரும்புங்க.
கார்த்திக்: ‘யமுனா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்’ங்கற பாதியில.
பெரியப்பா (மேடையேறி): நல்லா இருக்கணும். மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?
கார்த்திக்: ஆச்சுங்க மாமா.
யமுனா: நாளைக்குச் சொல்றேன்.
கார்த்திக்: நாளைக்கு எப்ப? ஏழரைக்கு முன்னாடியா, ஒன்பதுக்கு அப்புறமா?

இங்கே எவரும் நகைச்சுவை வசனம் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். சிரிப்பு இடத்திலிருந்து வருகிறது. அச்சமும் அதே இடத்திலிருந்து வருகிறது. பழைய படங்களில் நகைச்சுவை தனிக் கிளையாக ஓடியது. 1959இல் ஸ்ரீதர் இயக்கிய கல்யாண பரிசில் அக்காவுக்காகத் தன் காதலை மறைக்கும் தங்கையின் கதை ஒருபுறம் நடக்க, எழுத்தாளர் பைரவன் தான்தான் என்று அளந்துவிடும் தங்கவேலுவின் கதை மறுபுறம் நடக்கும். பார்த்தால் இரண்டுமே மறைப்பதைப் பற்றியவை. ஒன்று அழவைக்கிறது, மற்றது சிரிக்கவைக்கிறது. இன்று எழுதுபவர் அந்த இரண்டு கிளைகளையும் ஒரே காட்சிக்குள் கொண்டுவர முயல வேண்டும் என்பது என் கருத்து.

தினேஷை மண்டபத்துக்கு வரவழைக்கலாமா? எல்லா எழுத்தாளர்களுக்கும் அந்த ஆசை வரும். வரவழைக்காமல் அவன் பெயரை மட்டும் வரவழைத்துப் பாருங்கள். பந்தி வாசலில் மொய் எழுதும் பெரியவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, ‘தினேஷ், ஐந்நூற்று ஒன்று. இது யாரு? பொண்ணு வீட்டு வகையா, மாப்பிள்ளை வீட்டு வகையா?’ என்று உரக்கக் கேட்கட்டும். விடுதித் தோழி ஒருத்தி மூலம் அவன் கொடுத்தனுப்பிய பணம் அது. மொய் என்பது அன்பளிப்பு மட்டுமன்று. நோட்டில் ஏறி, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். ஆகவே அந்த ஒரு வரி மன்னிப்பாகவும் இருக்கலாம், குத்தலாகவும் இருக்கலாம். எது என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அந்த நோட்டை இறுதிவரை மறந்துவிடாதீர்கள்.

ரகசியத்தை உடைக்கும் காட்சிக்கு வருவோம். அறத்தொடு நிற்கும் முறைகளைத் தொல்காப்பியம் ஏழாக வகுக்கிறது: எளித்தல், ஏத்தல், வேட்கை உரைத்தல், கூறுதல் உசாதல், ஏதீடு, தலைப்பாடு, உண்மை செப்பும் கிளவி. உண்மையை உள்ளபடி சொல்வது ஏழாவதாக நிற்பதைப் பாருங்கள். அதற்கு முன்னுள்ள ஆறும் தலைவனைப் புகழ்ந்தும், ஒரு காரணத்தைக் காட்டியும், தற்செயலாகக் கண்டதாகச் சொல்லியும் செய்தியைச் சுற்றிவருபவை. குறுந்தொகையின் 23ஆம் பாடலில் தோழி இன்னும் சிக்கனமானவள். குறி சொல்ல வந்த அகவன் மகள் தலைவனுடைய குன்றைப் பாட, அவருடைய அந்த நெடுங்குன்றத்தை இன்னொரு முறை பாடு என்று மட்டும் கேட்கிறாள். புரிய வேண்டிய தாய்க்குப் புரிந்துவிடும். செல்வியும் மூன்று முறையாவது சுற்றிவர வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு விதமாகத் தோற்க வேண்டும்.

வெளி அடுக்கைக் கார்த்திக்கிடம் யமுனாவே ரிசப்ஷன் முடிந்த இரவில் சொல்லிவிடட்டும். அதைச் சுருக்கமாக முடித்துவிடுங்கள். மாப்பிள்ளைக்கும் ஒரு பழைய காதல் இருந்தது என்று கணக்கை நேர்செய்யும் சபலம் அங்கே எழும். அதற்கு இடம் கொடுத்தால் அவன் பெருந்தன்மை வியாபாரமாகிவிடும். அவன் கோபப்படலாம், தூங்காமல் மாடியில் உலாவலாம், விடியற்காலையில் காப்பி கொண்டுவரும் பெண்ணின் தாய்மாமாவிடம் தேவையில்லாத கேள்விகள் கேட்கலாம். முட்டாளாக மட்டும் இருக்கக் கூடாது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்ற பழமொழியை அந்தத் தாய்மாமா வாயில் வைக்க இதுவே இடம். ஆயிரம் பேருக்குப் போய்ச் சொல்லி என்பதுதான் அப்படித் திரிந்துவிட்டது என்று இன்னொருவர் திருத்தினால் காட்சிக்கு ஒரு சிரிப்பும் கிடைக்கும்.

உள் அடுக்கு தாலி கட்டுவதற்கு முன்பே யமுனாவிடம் வந்து சேர வேண்டும். பிறகு சொல்வது சுலபம். ஆனால் முன்பு ஒருமுறை அவளுடைய முடிவைத் தானே எடுத்துக்கொண்ட செல்வி அப்போது இரண்டாம் முறையும் அதையே செய்தவளாவாள். காலை ஐந்து மணிக்கு மணமகள் அறையில் ஒப்பனைக்காரர் ஜடை தைத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பேச்சை நடத்துங்கள். யமுனாவால் தலையைத் திருப்ப முடியாது; மை கரையும் என்பதால் அழவும் முடியாது; இருவரும் கண்ணாடி வழியாகத்தான் பார்த்துக்கொள்ள முடியும். ஒப்பனைக்காரர் வாயில் கொண்டை ஊசியைக் கவ்வியபடி ‘நான் வேணா வெளிய நிக்கட்டுமாக்கா?’ என்று கேட்க, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும்.

யமுனா மணமேடைக்குப் போவது அவளாக எடுத்த முடிவாக இருக்கட்டும். அமங்கலச் சொல் எதுவும் காதில் விழக் கூடாது என்பதற்காகத்தான் தாலி கட்டும் நொடியில் கெட்டி மேளம் முழங்குகிறது என்பார்கள். அந்த நொடியில் அவள் பின்னால் விளக்கேந்தி நிற்கும் செல்வியிடம் திரும்பி ஏதோ சொல்கிறாள். நாதஸ்வரத்திலும் தவிலிலும் அது கரைந்துபோகிறது. என்ன சொன்னாள் என்று நீங்கள் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். படத்தில் கேட்க வைக்காதீர்கள்.

கடைசிக் காட்சிக்கு அதே மண்டபம் போதும். வாழைமரத்தை அவிழ்க்கிறார்கள், சமையல்காரர்கள் பாத்திரங்களை எண்ணி ஒப்படைக்கிறார்கள், மேலாளர் மின்சார மீட்டரைக் குறித்துக்கொண்டிருக்கிறார். படியில் உட்கார்ந்திருக்கும் செல்வியிடம் யமுனா வந்து, மொய் நோட்டைத் திறந்து, அந்த ஒரு வரியின் மேல் விரலை வைக்கிறாள். ‘இவன் கல்யாணத்துக்கு இதைத் திருப்பிச் செய்யணும். நீதான் போகணும்’ என்கிறாள். செல்விக்கு அங்கே வசனம் எதுவும் எழுத வேண்டாம். அவள் நோட்டை வாங்கிக்கொள்வதோடு வெட்டிவிடுங்கள்.