பேராசிரியராக இருந்து கட்சித் தலைவரானவரைப் பற்றி எழுதுவது எப்படி

ஸ்காபரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரை எழுதப் பழக்குகிறேன். அரசியல்வாதி ஒருவரைப் பற்றி எழுதும் முறை வரும்போது, கனடிய லிபரல் கட்சியின் முன்னாள் தலைவர் ஸ்ரெபான் டியோனையே முதலில் கொடுப்பேன். 'தோற்ற தலைவர்' என்ற இரண்டே சொற்களில் அவரைப் பலர் முடித்துவிடுகிறார்கள். அதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

பிறந்த ஊரில் தொடங்காதீர்கள். அவர் வகுப்பறையில் என்ன கற்பித்தார் என்பதில் தொடங்குங்கள். டியோன் பாரிஸில் முனைவர் பட்டம் பெற்று, 1984 முதல் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். பொது நிர்வாகமும் அமைப்புகள் இயங்கும் விதமும் அவருடைய பாடங்கள். தந்தை லியோன் டியோனும் பெயர்பெற்ற அரசியல் அறிஞர். இவ்வளவு போதும், மேலே செல்லுங்கள்.

அடுத்த கேள்வி, அவரை வகுப்பறையிலிருந்து வெளியே இழுத்தது எது என்பது. இங்கே அவசரப்படக் கூடாது. 1995 அக்டோபர் 30 அன்று கியூபெக் மாகாணத்தில் பிரிவினை குறித்து வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்றவர்கள் 50.58 சதவீதம், ஆம் என்றவர்கள் 49.42 சதவீதம். நாடு ஒன்றாக நின்றது வெறும் 54,288 வாக்குகளால். வாக்குச்சீட்டில் இருந்த கேள்வியைத் தேடி எடுத்துப் படியுங்கள். பிரிவதா என்று அது நேராகக் கேட்கவில்லை. கனடாவுடன் புதிய கூட்டுறவுக்கு முன்மொழிவு வைத்த பின் இறைமை பெறுவதா என்று சுற்றி வளைத்தது. டியோனின் அரசியல் வாழ்க்கை முழுவதையும் அந்தக் கேள்விக்கு அவர் எழுதிய பதிலாகவே நான் படிக்கிறேன்.

1996 ஜனவரியில் பிரதமர் ஜோன் கிரெத்தியன் அவரை நேரே அமைச்சராக்கினார். நாடாளுமன்ற உறுப்பினரானது அதற்குப் பிறகு, மார்ச் மாத இடைத்தேர்தலில்தான். பிரிவினைத் தலைவர்களுக்கு டியோன் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். அவர்களுடைய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார். 1998இல் உச்ச நீதிமன்றம், கியூபெக் தன்னிச்சையாகப் பிரிய முடியாது, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால் மற்றவர்கள் பேச்சுவார்த்தைக்கு வர வேண்டும் என்றது. அதன் மேல் எழுந்ததே டியோன் கொண்டுவந்த 2000ஆம் ஆண்டின் தெளிவுச் சட்டம். அதைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் படிப்பதற்கு முன் சட்டத்தையே படியுங்கள். முகவுரையை விட்டால் மூன்றே பிரிவுகள். எத்தனை சதவீதம் தெளிவான பெரும்பான்மை என்று பிள்ளைகள் தேடிக்கொண்டே இருப்பார்கள். அந்த எண் அதில் இல்லை. வாக்களித்தவர்களின் தொகையையும் பெரும்பான்மையின் அளவையும் பார்த்து நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டும் என்று மட்டுமே இருக்கிறது. அமைச்சருக்குள் இருந்த பேராசிரியரை எனக்குக் காட்டுவது இந்த இடம்தான்.

தலைவராகத் தெரிவானதை எழுதும்போது இறுதி முடிவை மட்டும் எழுதி நகர்ந்துவிடாதீர்கள். ஒவ்வொரு சுற்றையும் தாளில் குறியுங்கள். 2006 டிசம்பரில் மொன்றியல் மாநாட்டின் முதல் சுற்றில் மைக்கல் இக்னாரியெவ் 29.3 சதவீதம், பொப் ரே 20.3, டியோன் 17.8. நான்காவதாக வந்த ஜெரார்ட் கெனடியை விட அவருக்குக் கிடைத்தது இரண்டு வாக்குகள் மட்டுமே அதிகம். பின்னர் கெனடி தன் ஆதரவை டியோனுக்குத் தந்தார். நான்காம் சுற்றில் டியோன் 54.7 சதவீதத்துடன் வென்றார். மாநாட்டுக்கு வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குக்கூட அவர் முதல் தெரிவு அல்லர். தலைவரான பின் கட்சி ஏன் அவர் பின்னால் முழுதாகத் திரளவில்லை என்பதை இந்தக் கணக்கு பெருமளவு சொல்லிவிடுகிறது.

இனி 2008. அவர் முன்வைத்த பசுமைத் திட்டம் கரிம வெளியேற்றத்துக்கு ஒரு தொன்னுக்கு 10 டொலர் வரி விதித்து, அதை நான்கு ஆண்டுகளில் 40 டொலராக உயர்த்தி, அந்தப் பணத்தில் வருமான வரியைக் குறைப்பது. காகிதத்தில் ஒழுங்கான வாதம். பகிரங்கக் கடிதங்களில் வென்ற அதே பழக்கம்தான் இது: முழுக் காரணத்தையும் விளக்கினால் கேட்பவர் ஏற்பார் என்ற நம்பிக்கை. கியூபெக் முதல்வராக இருந்த பிரிவினைத் தலைவர் லூசியன் புஷாருக்கு எழுதியபோது எதிர்ப்பக்கம் பதில் எழுதியது. 2008இல் எதிர்ப்பக்கமான கன்சர்வேட்டிவ் கட்சி 'எல்லாவற்றுக்கும் வரி' என்று சொல்லிவிட்டுப் போனது. ஆனால் தோல்வியின் பழியெல்லாவற்றையும் திட்டத்தின் மேல் போடாதீர்கள். 2007 தொடக்கத்திலிருந்தே அவர் தலைவராகத் தகுதியற்றவர் என்ற விளம்பரங்கள் தொலைக்காட்சியில் ஓடின; ஆங்கிலத்தில் அவர் தடுமாறினார்; செப்டம்பரில் நிதி நெருக்கடி வந்தது. அக்டோபர் 14 அன்று நடந்த பொதுத் தேர்தலில் லிபரல்களுக்குக் கிடைத்தவை 77 ஆசனங்கள். 2006இல் 103 இருந்தன.

கன்சர்வேட்டிவ் சிறுபான்மை அரசைக் கவிழ்த்துப் புதிய ஜனநாயகக் கட்சியுடன் ஆட்சி அமைக்கப் பார்த்த டிசம்பர் மாதக் கூட்டணி முயற்சியைச் சுருக்கமாக எழுதுங்கள். அவருக்குப் பின் வந்த இக்னாரியெவும் பேராசிரியர்தான். 2011இல் கட்சி 34 ஆசனங்களுக்கு இறங்கியது, அவரும் தன் தொகுதியை இழந்தார். ஆனால் இருவரையும் ஒரே கூடையில் போடாதீர்கள். இக்னாரியெவ் நெடுங்காலம் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்பியவர். டியோன் தலைமைக்கு வரும்போது அமைச்சராகப் பல ஆண்டுகளைக் கடந்திருந்தார்.

கட்டுரையை 2008உடன் நிறுத்தாதீர்கள். 2015இல் டியோன் வெளியுறவு அமைச்சரானார். 2017இல் ஜெர்மனிக்குத் தூதராகச் சென்றார். 2019இல் கனடா முழுவதற்குமான கரிம விலை நடைமுறைக்கு வந்தது. மொன்றியலின் செயின்ட் லோரன் பகுதி மக்கள் 1996 முதல் 2015 வரை, 2008 உட்பட, ஒவ்வொரு தேர்தலிலும் அவரையே அனுப்பினார்கள். அதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.