மதுரை இணைப்பு அறுந்தாலும் பாம்பன் கிளையில் போன் பேச

பாம்பன், மண்டபம், தொண்டி போன்ற கடற்கரை ஊர்களில் உள்ள கிளை அலுவலகத்தின் ஐபி போன்கள் (கணினி நெட்வொர்க் வழியே இயங்கும் போன்கள்), ஒவ்வொரு அழைப்புக்கும் மதுரையில் உள்ள தலைமை அலுவலகச் சர்வரைக் கேட்டே இயங்குமானால், வடகிழக்குப் பருவமழையில் ஃபைபர் அறுந்த அன்று பக்கத்து அறையில் இருப்பவரைக்கூட அவற்றில் அழைக்க முடியாது. கிளையிலேயே ஒரு மாற்று ஏற்பாடு இருந்தால் இதைத் தவிர்க்கலாம்.

முதலில், தலைமைச் சர்வர் கிடைக்காதபோது போன்களின் பதிவைத் (தான் இந்த முகவரியில் இருப்பதாகப் போன் சர்வரிடம் தெரிவிப்பதை) தானே ஏற்கும் வசதி உங்கள் வாய்ஸ் கேட்வேயில் (கிளைப் போன்களை வெளித் தொலைபேசி இணைப்போடு சேர்க்கும் கருவியில்) உள்ளதா என்று பாருங்கள். சிஸ்கோ ரவுட்டர்களில் இதற்கு எஸ்.ஆர்.எஸ்.டி. என்று பெயர். எஸ்.ஐ.பி. என்ற பொது நெறிமுறையில் இயங்கும் சாதாரணப் போன்களில் முதல் சர்வராக மதுரையையும் இரண்டாம் சர்வராகக் கேட்வேயையும் குறிப்பிடுங்கள். கேட்வேக்குப் பெயர் கொடுக்காமல் ஐபி முகவரியையே கொடுங்கள். பெயரை முகவரியாக்கும் டி.என்.எஸ். சர்வர் அறுந்த கம்பிக்கு அப்பால் இருக்கக்கூடும். இதே காரணத்தால், போன்களுக்கு ஐபி முகவரி வழங்கும் டி.எச்.சி.பி.யையும் கிளை ரவுட்டரிலேயே வையுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது பதிவின் காலாவதி நேரத்தை. பல போன்களில் அது 3600 வினாடியாக இருப்பதால், இணைப்பு போன பிறகும் ஒரு மணி நேரம் வரை போன் தன்னை மதுரையில் பதிவானதாகவே காட்டிக்கொண்டிருக்கும். பாம்பனில் ஒரு கிளையில் நான் சோதித்தபோது, கேபிளைக் கழற்றிப் பத்து நிமிடம் ஆகியும் திரையில் பச்சை அடையாளம் மாறவில்லை; ரிசீவரை எடுத்து எண்ணை அழுத்தினால் சத்தமே இல்லை. நேரத்தை 120 வினாடியாகக் குறைத்ததும் எல்லாப் போன்களும் இரண்டு நிமிடத்துக்குள் கேட்வேயில் பதிவாகின.

அடுத்து, வெளியே பேச ஒரு தனி வழி வேண்டும். செம்புக் கம்பி லேண்ட்லைன் இருந்தால் அதைக் கேட்வேயில் லேண்ட்லைனுக்கென உள்ள எஃப்.எக்ஸ்.ஓ. போர்ட்டில் செருகுங்கள், ஃபைபரில் வரும் லேண்ட்லைன் அந்த ஃபைபரோடு சேர்ந்தே போய்விடும் என்பதால் அதை நம்பாதீர்கள். செம்பு இல்லாத இடத்தில், வேறு நிறுவனத்தின் சிம் போட்ட 4ஜி கேட்வே உதவும். மதுரையின் உள் எண்ணை அழுத்தினால் 0452 எனத் தொடங்கும் முழு எண்ணாக மாறும்படியும், 112, கடலோரக் காவல்படையின் 1554 ஆகியவை முன்னால் எந்த இலக்கமும் சேர்க்காமலே போகும்படியும் விதி எழுதுங்கள். கடலுக்குப் போனவர்களைப் பற்றிய அழைப்பு வரும் ஊர்களில் 1554 விடுபடவே கூடாது. கிளை எட்டாதபோது அதற்கு வரும் அழைப்புகளை அந்த லேண்ட்லைன் அல்லது 4ஜி சிம்மின் எண்ணுக்குத் திருப்பும்படி மதுரைச் சர்வரிலும் அமையுங்கள்.

நெட்வொர்க் கேபிள் வழியே போன்களுக்கு மின்சாரமும் தரும் பி.ஓ.இ. ஸ்விட்ச், ரவுட்டர், கேட்வே மூன்றும் இன்வெர்ட்டரில் இருக்கட்டும். அவை சேர்ந்து 60 வாட் எடுத்தால், 12 வோல்ட் 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி கணக்குப்படி 30 மணி நேரம் தாங்க வேண்டும். இழப்புகள் உண்டு என்பதால் பாதியை மட்டும் நம்புங்கள். உப்புக் காற்றில் நெட்வொர்க் கேபிளின் ஆர்ஜே45 பிளக்கின் பற்களில் பச்சை பூத்திருந்தால், சுரண்டாமல் வெட்டிவிட்டுப் புதிய பிளக் கிரிம்ப் செய்யுங்கள்.

செப்டம்பர் முடியுமுன் ஒரு மாலையில், வெளி இணைப்புக் கேபிளை நீங்களே கழற்றி, உள்ளே, வெளியே, மதுரைக்கு என மூன்று வகை அழைப்புகளையும் பேசிப் பாருங்கள். கேபிளை மீண்டும் செருகியபின், எல்லாப் போன்களும் மதுரைச் சர்வருக்குத் திரும்பிப் பதிவானதைப் பார்த்த பிறகே அலுவலகத்தைப் பூட்டுங்கள்.