வளையைப் பார்த்ததும் விலங்கின் பெயரைச் சொல்லாதீர்கள்

வண்டல் பாறையில் விரல் தடிமனில் ஒரு குழாய் தெரிந்தால், 'எந்த விலங்கு தோண்டியது?' என்பதுதான் முதலில் நாவில் வரும். அதற்கு முன் கேட்க வேண்டியது, அது பழங்கால விலங்கு தோண்டிய வளைதானா என்பது. வேர்த்தடம் கிளை பிரியப் பிரிய மெலியும். வளை பெரும்பாலும் ஒரே தடிமனில் ஓடும். கெட்டியாகிப்போன பாறையைத் துளைத்த உயிர் மணல்துகளையும் சிப்பியையும் வெட்டிக்கொண்டு போயிருக்கும். இளகிய வண்டலில் தோண்டியது அவற்றை ஒதுக்கித் தள்ளியிருக்கும். மென்மையான பாறை முகப்பில் இன்றைய குளவியும் தேனீயும் குடைந்த துளைகளும் உண்டு. உடைத்த புதுப் பரப்பில் குழாய் தொடர்கிறதா, உள்ளே பாறையாக இறுகிய நிரப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த சறுக்கல் ஒரே முகப்பை நம்புவது. 'யு' வடிவ வளை அடுக்கின் மேற்பரப்பில் இரண்டு தனித்தனித் துளைகளாகத் தெரியும். குத்துமுகப்பில் தெரியும் வட்டம் கிடைமட்டச் சுரங்கத்தின் குறுக்குவெட்டாகவே இருக்கலாம். சேறு அழுந்திய இடத்தில் அதுவும் நீள்வட்டமாக நசுங்கியிருக்கும். அடுக்கின் மேற்பரப்பையும், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு நெடுக்குவெட்டுகளையும் பார்த்த பிறகே வடிவம் சொல்ல வேண்டும். பாறையைத் தண்ணீரில் நனைத்தால் நிற வேறுபாடு துலங்கும்.

பெயருக்கு வருவோம். வளையில் பதிந்திருப்பது உடல் அல்ல, விலங்கு செய்த வேலை. இறால் போன்ற ஒரே உயிர், இறுகிய சேற்றில் சுவர்ப் பூச்சில்லாத கிளைச் சுரங்கம் தோண்டும், அந்த வளையின் பெயர் தலாசினாய்டஸ். சரியும் மணலில் சுவர் இடியாதபடி சேற்று உருண்டைகளை வைத்துப் பூசும், அந்த வளையின் பெயர் ஓஃபியோமார்ஃபா. ஆள் ஒன்று, பெயர் இரண்டு. நேர்க்குத்தான ஸ்கோலித்தோஸ் குழாயோ பலவகைப் புழுக்களுக்குப் பொது. பெயர் வடிவத்துக்குத்தான்.

உள்ளே எலும்பு கிடந்தாலும் அவசரம் கூடாது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், மயோசீன் என்ற பழங்காலத்துப் பாறையிலுள்ள ஆளுயரத் திருகுகளை, 1890களில் புவியியலாளர் எர்வின் பார்பர் முதலில் நன்னீர்ப் பஞ்சுயிர் என்றார், பிறகு தாவரம் என்றார். அவை பேலியோகாஸ்டர் என்ற பீவர் குடும்பக் கொறிணியின் வளைகள். உள்ளே கிடைத்த எலும்புக்கூடோடு, சுவரில் அதன் வெட்டுப்பற்கள் பதித்த கீறல்களும் சேர்ந்தபோதுதான் வழக்கு தீர்ந்தது. எலும்பு மட்டும் என்றால், வேறொருவர் வளையில் ஒதுங்கிய விருந்தாளியாகவும் இருக்கலாம். 'எலி வளையானாலும் தனி வளை' என்பது பாறைக்குப் பொருந்தாது: மெல்லிய கிளைகளாகப் பரவும் கோண்ட்ரைட்டீஸ், பிறர் விட்டுப்போன வளையின் நிரப்பிலேயே குடியேறியிருக்கும்.

அதனால் எது எதை வெட்டுகிறது என்று வரிசை எழுதுவது அவசியம், வெட்டியதே பிந்தியது. நிரப்பும் பெரும்பாலும் சுற்றியுள்ள அடுக்கைவிட இளையது. சேற்றுப்பாறைக்குள் விளிம்பு கூர்மையான, பூச்சில்லாத வளையில் பருமணல் நிரம்பியிருந்தால், அந்தச் சேறு முன்பே இறுகி, அரிப்பில் வெளிப்பட்டு, பிறகு தோண்டப்பட்டது என்று அர்த்தம். இடையில் காலம் விடுபட்டிருக்கிறது. இந்த நிரப்பைச் சுரண்டி நீக்காமல் நுண்ணுயிர்ப் புதைபடிவ மாதிரி எடுத்தால், இளைய உயிர்கள் கலந்து வயதுக் கணக்கு பிசகும்.

'யு' வளையின் குழாய்க்கு அடியில் வளைந்த படலங்கள் அடுக்கியிருந்தால், மேலே வண்டல் சேரச் சேர விலங்கு ஏறியிருக்கிறது. இரு கால்களுக்கும் நடுவில் இருந்தால் கீழே இறங்கியிருக்கிறது. மேல்மண் அரிக்கப்பட்டது ஒரு காரணமாகலாம். பாறையின் எந்தப் பக்கம் மேல் என்பதைத் தவறாகக் கணித்தால் இந்தக் கதை தலைகீழாகும்.

கடலின் ஆழத்தை ஒற்றை வளையிலிருந்து சொல்வது பழைய ஆசை. புதைபடிவ ஆய்வாளர் அடோல்ஃப் சைலாக்கர் 1967இல், சேர்ந்து காணப்படும் வளை, தடம் போன்ற தடயங்களின் கூட்டங்களை ஆழத்தோடு இணைத்தது பெரிய உதவிதான். ஆனால் கரையோர மணலுக்குரியதாகக் கருதப்பட்ட ஓஃபியோமார்ஃபா, ஆழ்கடலில் சேற்றுநீரோட்டம் கொட்டிய மணலிலும் இருக்கிறது. விலங்கு ஆழத்தை அளந்து தோண்டுவதில்லை. உயிர்வளி, உணவு, அலையின் வேகம், தரையின் இறுக்கம் ஆகியவற்றைப் பொறுத்தே தோண்டுகிறது. முழுக் கூட்டத்தையும் அலைத்தடம், குறுக்கடுக்கு (சாய்வாகப் படிந்த அடுக்கு) போன்ற படிவு அமைப்புகளோடு சேர்த்துப் பார்க்காமல் ஆழம் சொல்லக் கூடாது.

விலங்குகள் வண்டலை எவ்வளவு கிளறின என்பதை அளக்கும் 0 முதல் 6 வரையான அளவுகோலில் ஒரு பொறி உண்டு. வளையே கண்ணில் படாவிட்டால் பலர் 0 போடுகிறார்கள். மெல்லடுக்குகள் குலையாமல் இருந்தால்தான் 0. அடுக்கே இல்லாமல் பாறை ஒரே கலவையாகத் தெரிந்தால், ஒரு வளைகூடத் தனியாக மிஞ்சாத அளவுக்கு எல்லாம் கிளறப்பட்ட 6 ஆகவும் இருக்கலாம்.